பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் சசிகலா அறுநூற்று நாற்பது முகங்களைப் பார்த்தாள். சாயங்காலம் அரூர் பேருந்து நிலையத்தில் பொம்மிடி வண்டிக்காக நின்றபோது, பக்கத்தில் நின்றவர்களை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. கதவு திறந்திருக்கிறதே என்று அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவளைப் போல உணர்ந்தாள்.

அலுவலகம் ஒரு புளி மண்டியின் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு பெண்கள், இருபத்திரண்டு கம்ப்யூட்டர்கள். மேற்பார்வைக்குத் தமிழ்ச்செல்வன் என்ற டீம் லீடர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று முகங்களின் படங்களை அனுப்பும். படத்தைப் பார்த்து அந்த ஆளுக்கு என்ன வயதிருக்கும் என்று சொல்ல வேண்டும். பதின்மூன்றுக்குக் கீழே, பதின்மூன்று முதல் பதினேழு, பதினெட்டு முதல் இருபத்து நான்கு, அதற்கு மேல் என்று கட்டங்கள் இருக்கும். ஒன்றைச் சொடுக்கினால் அடுத்த முகம் வரும்.

"இது எதுக்குங்க சார்?" என்று அவள் முதல் நாளே கேட்டாள்.

"மெஷினுக்குச் சொல்லித் தர்றோம்மா. நாளைக்கு ஒரு புள்ள பொய் வயசு போட்டு ஆப்புக்குள்ள போச்சுன்னா, மெஷின் மூஞ்சியப் பாத்துட்டு 'நீ சின்னப் புள்ள, வெளிய போ'ன்னு சொல்லணும். அதுக்கு மொதல்ல மனுசங்க பாத்துச் சொல்லணும்."

எல்லாம் காசு கொடுத்து, கையெழுத்து வாங்கி எடுத்த படங்கள் என்றார் தமிழ்ச்செல்வன். எந்த நாடு, என்ன பெயர் என்று எதுவும் இருக்காது. பின்னால் பனி கொட்டிக்கொண்டிருக்க, மூக்கு சிவந்து நிற்கும் ஒரு பையன். தலையில் கூடை வைத்த ஒரு பெண். முகமெல்லாம் புள்ளிகள் தெறித்த ஒரு சிறுமி. ஒரே அச்சில் வார்த்த இரட்டையர்; ஆனால் ஒருவன் மட்டும் சற்று முன்னதாகப் பிறந்துவிட்டவன் போல நிற்பான். பொம்மிடியை விட்டால் அரூர், அரூரை விட்டால் சேலம் என்றே இருபத்தாறு வருடங்களைக் கழித்தவளுக்கு, உலகம் ஒவ்வொருவராக வந்து முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவதாகத் தோன்றியது. ஒரு முகத்துக்குப் பதினைந்து விநாடி போதும் என்பார்கள். சில முகங்களை அவளால் அத்தனை சீக்கிரம் அனுப்பிவைக்க முடியவில்லை.

பத்துப் படத்துக்கு ஒரு படம் சோதனைப் படம். அதில் இருப்பவரின் உண்மையான வயது நிறுவனத்துக்குத் தெரியும். யார் சரியாகச் சொல்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். ஒரு மாதம் கழித்து மதிப்பெண் வந்தபோது தமிழ்ச்செல்வன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பதினேழா பதினெட்டா என்று எல்லோரும் தடுமாறுகிற படங்களில் மற்றவர்கள் நூற்றுக்கு அறுபதைத் தாண்டவில்லை. சசிகலா தொண்ணூற்று மூன்று வாங்கியிருந்தாள்.

"எப்படிம்மா?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து இருக்கை உமைராதான் விடாமல் நச்சரித்தாள். உமைரா அரூர்ப் பெண். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அன்வர் பாஷாவின் இளைய மகள். கல்லூரி முடித்த கையோடு இங்கே வந்து சேர்ந்திருந்தாள்.

"சொல்லுங்கக்கா. என்னத்தப் பாக்கறீங்க?"

"மூக்கு முந்தி வளந்துடும் உமைரா. தாடை பின்னாடிதான் வரும். பவுடர் போட்டாலும் தாடைய மறைக்க முடியாது." சசிகலா கொஞ்சம் யோசித்தாள். "அப்பறம் கண்ணு. பெரியவங்க கேமராவப் பாப்பாங்க. புள்ளைங்க கேமராவுக்குப் பின்னாடி நிக்கறவங்களப் பாக்கும். நான் சரியா நிக்கறனான்னு கேக்கற மாதிரி."

உமைரா திரும்பித் தன் திரையில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

*

ஆடி மாதத்தில் புதிய விதி வந்தது. தமிழ்ச்செல்வன் எல்லோரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். படத்தில் அலங்காரம், நகை, பெரியவர்கள் உடுத்தும் உடை ஆகியவை இருந்து, பதினேழுக்குள்ளா பதினெட்டுக்கு மேலா என்று சந்தேகம் வந்தால், இனிமேல் பதினெட்டுக்கு மேல் என்றே போட வேண்டும். மதிப்பெண்ணும் இனி அதன்படிதான்.

"சந்தேகம் வந்தா பெரியவங்க. அவ்வளவுதான்மா. வேலை சுலபமாச்சு," என்றார் அவர்.

அந்த வாரம் உமைரா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவள், மதியம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். சசிகலா கேட்டதும் சொன்னாள். அவளுடைய அக்கா சாயிரா தருமபுரியில் இருக்கிறாள். சாயிராவின் மகள் ஏழாவது படிக்கிறாள், வயது பன்னிரண்டு. படம் போடுகிற ஆப் ஒன்றில் அந்தப் பெண் இருபத்தொன்று என்று வயதைப் போட்டு உள்ளே போயிருக்கிறாள். ஆப் அவளைப் பெரிய பெண்ணாகவே எடுத்துக்கொண்டு, 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று முன்பின் தெரியாத ஆண்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறது. அவர்களில் ஒருவன் பேச ஆரம்பித்தான். அன்பாகப் பேசிப் பேசிப் படங்களை வாங்கினான். வாங்கியதும் மிரட்டினான். பிள்ளை இருபது நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. கதவைத் தட்டினாலே உடம்பு நடுங்குகிறது.

"போலீஸ்ல சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சுக்கா. அவனத் தேடறாங்க. ஆப்காரங்களுக்கும் மச்சான் எழுதினாரு. பதில் வந்துச்சு. 'பயனர் பதிவு செய்யும்போது தன் வயது இருபத்தொன்று எனக் குறிப்பிட்டுள்ளார்.' அவ்வளவுதான்." உமைரா சோற்று டப்பாவை மூடினாள். "அந்தப் போனை நான் வாங்கிப் பாத்தேன்க்கா. அதே ஆப்புல அவளுக்கு என்ன விளம்பரம் வந்திருக்கு தெரியுமா? ஏழாங்கிளாஸ் கணக்கு டியூசன். கார்ட்டூன் போட்ட ஸ்கூல் பேக். இருபத்தொரு வயசுக்காரிக்கு எதுக்குக்கா ஏழாங்கிளாஸ் டியூசன்?"

சசிகலாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அப்படியானால் அவள் சின்னப் பிள்ளை என்று ஆப்புக்குத் தெரிந்திருக்கிறது. விற்கும்போது தெரிந்திருக்கிறது, காக்க வேண்டிய நேரத்தில் மட்டும் தெரியாமல் போயிருக்கிறது.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மகள் கனிமொழி விளையாடப் போன பிறகு, சசிகலா பீரோவின் அடித்தட்டிலிருந்து தன் கல்யாண ஆல்பத்தை எடுத்தாள். கணவன் முருகேஷ் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான். நல்ல மனிதன்தான். அவள் பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறியதும், கம்ப்யூட்டர் படித்ததும் அவன் தடுக்காமல் இருந்ததால்தான். ஆனாலும் இந்த ஆல்பத்தை அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

முதல் பக்கத்தில் தனியாக நிற்கிற படம். அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, உதட்டுச் சாயம், வாடகைக்கு எடுத்த ஒட்டியாணம். பழக்கத்தில் கண் நேராகத் தாடைக்குப் போனது. பிறகு கண்களுக்குப் போனது. படத்தில் இருந்தவள் கேமராவுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்து. பதினைந்து விநாடிகூடத் தேவைப்படவில்லை.

ஆமாம், அன்று அவளுக்குப் பதினைந்துதான். அது அவளுக்குத் தெரியாததல்ல. பத்தாவது பரீட்சை எழுதிய மூன்றாம் மாதம் கல்யாணம். கோயில் அலுவலகத்தில் வயதுச் சான்று கேட்டார்கள். மாமா எங்கிருந்தோ ஒரு காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பதினெட்டு என்று இருந்தது. அவர்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்கள். அந்தக் காகிதத்தின்படியே மற்ற அடையாள அட்டைகளும் வந்துவிட்டன. இன்றைக்கும் எல்லா அட்டைகளிலும் அவள் மூன்று வயது மூத்தவள்தான்.

இத்தனை வருடமும் அவள் வேறு மாதிரி நினைத்திருந்தாள். பட்டும் நகையும் போட்டதும் தான் பெரிய பெண்ணாகத் தெரிந்திருப்போம், அதனால்தான் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்று. இப்போது பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பந்தியில், மண்டபத்தில், காரின் அருகில். எந்தப் படத்திலும் அவள் பெரிய பெண்ணாகத் தெரியவில்லை. ஒன்றில்கூட இல்லை. முந்நூறு பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். முந்நூறு பேருக்கும் கண் இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் முதலில் வரவில்லை. பெரிய மலை ஒன்றை இத்தனை நாளும் பனி மூடியிருந்து, ஒரே காலையில் விலகியதுபோல இருந்தது. உண்மை முகத்தில் அப்படியே எழுதியிருந்திருக்கிறது. யாராலும் அதை மாற்ற முடியவில்லை. மை, பொட்டு, காகிதம், முத்திரை எதனாலும் முடியவில்லை. மனித முகம் இத்தனை பிடிவாதமானதா என்று அவள் தரையில் உட்கார்ந்தபடி வியந்துகொண்டிருந்தாள்.

*

திங்கட்கிழமையிலிருந்து அவள் புதிய விதியைக் கடைப்பிடிக்கவில்லை. குழந்தை என்று தெரிந்தால் குழந்தை என்றே போட்டாள். இரண்டு வாரத்தில் அவள் மதிப்பெண் நாற்பத்தெட்டுக்கு இறங்கியது. தமிழ்ச்செல்வன் அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

"என்னம்மா ஆச்சு? நல்லாத்தான பண்ணிட்டு இருந்த?"

"இப்பவும் நல்லாத்தாங்க சார் பண்றேன்."

"விதின்னு ஒண்ணு இருக்குதில்ல? நம்ம டீமோட மார்க்கு கொறஞ்சா வேலைய வேற ஊருக்கு மாத்திடுவாங்க. இருபத்திரண்டு பேரு வூட்டுல அடுப்பெரியணும்மா."

அவர் மிரட்டவில்லை. அவர் முகத்தில் பயம்தான் இருந்தது. அதனால் சசிகலாவுக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. ராஜினாமா செய்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். பிறகு, "சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே சார், அதுல எழுதட்டுங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கட்டம் எல்லாத் திரையிலும் மூலையில் இருந்தது. அதுவரை யாரும் அதில் எதுவும் எழுதியதில்லை. தமிழ்ச்செல்வன் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கீழே மண்டியில் புளி மூட்டை இறக்குவதைப் பார்த்தார். "எழுது," என்றார். "இங்கிலீஷ்ல நான் மாத்தித் தர்றேன்."

அவள் பதினொரு படங்களின் எண்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் தாடை எப்படி, கண் எப்படி என்று எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'இவர்கள் பதினெட்டுக்கு மேல் என்று நான் போட்டால், அது சந்தேகத்தால் போடுவது அல்ல, தெரிந்தே போடுவது.'

ஒன்பது நாள் கழித்து, வீடியோவில் பேச வேண்டும் என்று பதில் வந்தது.

*

பகல் மூன்று மணிக்குத் தமிழ்ச்செல்வனின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். துணைக்கு உமைராவும் இருக்க வேண்டும் என்று சசிகலா கேட்டிருந்தாள். திரையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. தமிழ்ச்செல்வன் இங்கிலீஷில் வணக்கம் சொன்னதும் அவள் சிரித்தாள்.

"தமிழ்லயே பேசலாங்க. என் பேரு எழிலரசி. எனக்குக் காவேரிப்பட்டணம். இங்க அயர்லாந்து வந்து பன்னெண்டு வருசமாச்சு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்காணாத இடத்தில் யாரோ வெள்ளைக்காரர் உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"சசிகலா, நீங்க எழுதினத எங்க டீம்ல எல்லாரும் படிச்சோம். அந்தப் பதினொரு பேர்ல ஏழு பேரோட உண்மையான வயசு எங்ககிட்ட இருந்துச்சு. ஏழும் நீங்க சொன்னதுதான். எப்படிக் கண்டுபிடிக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன்."

சசிகலா சொன்னாள். எழிலரசி குறித்துக்கொண்டாள். பிறகு தயங்கினாள். "ஆனா அந்த விதி நாங்க போட்டது இல்லங்க. நாங்க மெஷின் செஞ்சு குடுக்கறோம். அதை வாங்கற ஆப் கம்பெனிங்க கேட்டது. பெரியவங்களத் தப்பா தடுத்துட்டா கோவிச்சுக்கிட்டு வேற ஆப்புக்குப் போயிடறாங்கன்னு சொல்றாங்க. அதுவும் நெசந்தான். தெனமும் ஆயிரக்கணக்குல புகார் வருது."

"கோவம் வரத்தாங்க மேடம் செய்யும்," என்றாள் சசிகலா. "ஆனா பெரியவங்களத் தப்பா நிறுத்தினா, அவங்க ஒரு அட்டையக் காட்டிட்டு உள்ள போயிடுவாங்க. புள்ளையத் தப்பா உள்ள வுட்டா, அது எதக் காட்டி வெளிய வரும்?"

சசிகலா தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள்.

"இதுக்கு என்ன வயசு சொல்லுவீங்க மேடம்?"

எழிலரசி முன்னால் சாய்ந்தாள். பட்டுப் புடவையையும் நகையையும் தாண்டி அவள் கண்கள் தேடுவது தெரிந்தது. இப்போதுதான் கற்றுக்கொண்டதைப் போட்டுப் பார்க்கிறாள். "பதினஞ்சு," என்றாள். "பதினாறுக்கு மேல கிடையாது."

"புது விதிப்படி என்ன போடணும்?"

"பதினெட்டுக்கு மேல."

"அப்படித்தாங்க போட்டாங்க. என் கல்யாணத்துல."

உமைரா சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். தமிழ்ச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டார். அங்கே மழை பெய்கிற சத்தம் இங்கே கேட்டது.

"வயசு கேட்டாங்கன்னு மாமா காகிதம் குடுத்தாரு. காகிதம் இருக்குதேன்னு கோயில்ல முத்திரை குத்தினாங்க. முத்திரை குத்தியாச்சேன்னு ஊரே வந்து சாப்பிட்டுச்சு. ஒருத்தரு கூட நான் செஞ்சேன்னு சொல்ல மாட்டாங்க. கேட்டா இன்னொருத்தரக் காட்டுவாங்க." சசிகலாவின் குரல் உயரவே இல்லை. "இப்ப நீங்க ஆப்காரங்களக் காட்டறீங்க. அவங்க அந்தப் புள்ள போட்ட பொறந்த தேதியக் காட்டறாங்க. கடைசில எல்லாரும் புள்ளையத்தாங்க காட்டறோம்."

எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "ஒண்ணு சொல்றேன் சசிகலா. நீங்க ஒரு முகத்துக்குச் சொல்ற பதில மெஷின் அந்த ஒரு முகத்தோட வுடறதில்ல. அதே சாயல்ல இருக்கிற எல்லா முகத்துக்கும் அதத்தான் சொல்லும். ஒரு நாளைக்கு நாலு கோடி முகம் அதுக்கு முன்னாடி வந்து நிக்கப் போகுது. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல நிக்கறதுங்கள நீங்க பாத்த மாதிரிதான் அது பாக்கும்."

சசிகலா தன் வலது கையைப் பார்த்தாள். மிளகாய் கிள்ளி நகத்தோரம் சிவந்திருந்த, மௌஸைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கிற சாதாரணக் கை. கோயில் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது கால் கூசுமே, அப்படிக் கூசியது அவளுக்கு.

"என்னால சத்தியம் பண்ண முடியாது," என்றாள் எழிலரசி. "ஆனா இதை நான் மேல எடுத்துட்டுப் போறேன். என் பேரைப் போட்டே எடுத்துட்டுப் போறேன்."

*

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சசிகலா தனக்குத் தெரிந்ததையே போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து உமைராவும், உமைராவைப் பார்த்து இன்னும் சிலரும் அப்படியே செய்தார்கள். தமிழ்ச்செல்வன் மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு காலையும் மின்னஞ்சலைத் திறக்கும்போது அவர் உதடு முணுமுணுப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

சாயிராவின் மகளை மிரட்டிய ஆள் தருமபுரியில் பிடிபட்டான். சேலத்தில் ஒரு கடையில் வேலை செய்தவன்; நாற்பத்தொரு வயது. வழக்கு நடக்கிறது. ஆப் நிறுவனத்திடமிருந்து மட்டும் அந்த ஒரு வரிப் பதிலுக்கு மேல் இன்றுவரை எதுவும் வரவில்லை. சாயிராவின் கணவர் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். பிள்ளை வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஐப்பசியில் விதி மாறியது. சந்தேகம் வந்தால் குழந்தை. வேறு இருவர் தனித்தனியாகப் பார்த்த பிறகே பெரியவர் என்று போடலாம். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று அதில் இல்லை. வெளிநாடுகளில் சட்டம் கடுமையாகியிருப்பதால் இருக்கலாம் என்றார் தமிழ்ச்செல்வன். எழிலரசியாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

அடுத்த மாதம் எழிலரசியிடமிருந்து சசிகலாவின் பெயருக்கு ஒரு செய்தி வந்தது. தமிழ்ச்செல்வன் அதை எழுந்து நின்று படித்தார். புதிய மெஷினை ஒரே ஒரு ஆப்பில் போட்டிருக்கிறார்கள். முதல் வாரத்தில் பெரியவர்கள் என்று சொல்லி உள்ளே இருந்தவர்களில் முப்பத்தெட்டு லட்சம் பேரைச் சிறுவர்கள் என்று அது கண்டுபிடித்திருக்கிறது. தெரியாதவர்கள் இனி அவர்களோடு பேச முடியாது.

மாடியில் இருபத்திரண்டு பேரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். முப்பத்தெட்டு லட்சம் என்பது எவ்வளவு என்று யாருக்கும் பிடிபடவில்லை. தருமபுரி மாவட்டத்தில் இருக்கிற கிழவர் முதல் கைக்குழந்தை வரை எல்லோரையும் சேர்த்தால் எத்தனை வரும் என்று ஒருத்தி கேட்டாள். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே என்றார் தமிழ்ச்செல்வன். அவருக்கே நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை போனில் பார்த்துவிட்டு, "ஆமாம்," என்றார்.

சசிகலா அவர்களை எண்ணிக்கையாக நினைக்க முயன்றாள், முடியவில்லை. முகங்களாகத்தான் வந்தார்கள். பனியில் நின்றவன், புள்ளி தெறித்தவள், இரட்டையரில் இளையவன். கேமராவுக்குப் பின்னால் பார்க்கிற கண்கள், வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. கும்பிட வேண்டும்போல இருந்தது. எதைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

"அக்கா," என்று உமைரா காதோரம் குனிந்தாள். "மாட்டிக்கிட்ட அந்த முப்பத்தெட்டு லட்சம் புள்ளைங்களும் இப்ப நம்மளத்தான் திட்டிக்கிட்டு இருக்கும்."

சசிகலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பொங்கி, கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தாள். உமைராவும் சிரித்தாள். என்னவென்றே தெரியாமல் பின்வரிசையும் சிரித்தது.

"திட்டட்டும்," என்றாள் சசிகலா. "நல்லாத் திட்டட்டும்."